அப்புறம் டீச்சரும் மேல் மாடித் தண்ணீரும்

பள்ளிக்கூடத்தில் அவரை நேரில் 'சயின்ஸ் டீச்சர்' என்றும், முதுகுக்குப் பின்னால் 'அப்புறம் டீச்சர்' என்றும் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான் பொருத்தம். எந்தப் பிள்ளை எந்தப் பதிலைச் சொன்னாலும், சரியோ தப்போ, கண்ணாடியை மூக்கில் கொஞ்சம் இறக்கிவிட்டு, "சரி, அப்புறம்?" என்பார். சொல்லி முடித்தாயிற்று என்று உட்காரப்போன பிள்ளை பாதி மடங்கிய முழங்காலோடு அந்தரத்தில் நின்று மறுபடி யோசிக்கும். முதலில் வருகிற பதில் யாரோ சொல்லிக்கொடுத்தது, அடுத்தது பயத்தில் வருவது, அதையும் தாண்டி வருவதுதான் சொந்தச் சரக்கு என்பது டீச்சரின் கட்சி.

வீட்டில் அவரை அப்படிக் கேட்க ஆள் இல்லை.

ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஓர் இரும்புக் கம்பி. அம்மா படுத்த படுக்கையாகப் பல வருஷம் அந்த அறையில்தான் கிடந்தார். அவருக்குக் கால் பிடித்துவிட்டு, மருந்து கொடுத்து, தலை வாரிவிட்டதிலேயே டீச்சரின் கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் அதைப் பேசுவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள். அம்மா போன பிறகு கட்டிலை யாருக்கோ கொடுத்தாயிற்று. கட்டில் கால்கள் தரையில் பதித்த நாலு வட்டங்கள் மட்டும் எத்தனை தேய்த்தும் போகவில்லை. கூட்டும்போது அவற்றைச் சுற்றித்தான் கூட்டுவார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். நல்லவன்தான். சாப்பிட்டியாக்கா, உடம்பு எப்படியிருக்கு என்று கேட்டுவிட்டு, "வேற ஒண்ணும் இல்லையேக்கா?" என்பான். "வேற ஒண்ணும் இல்லப்பா" என்று இவரும் சொல்வார். போன் வைக்கப்படும். பிறகு கழுவ ஒரு தட்டு, கவிழ்த்து வைக்க ஒரு டம்ளர்.

ஆக, வாரம் முழுக்க அவர் காத்திருந்தது வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு. எட்டாம் வகுப்புக்கு அன்றைக்குக் கடைசி இரண்டு பீரியட் 'புராஜெக்ட்'. ஹெச்.எம்.மிடம் நச்சரித்து வாங்கிய பீரியட் அது. அதில் பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. அரை வருஷத்துக்கு ஒரே ஒரு பிரச்சினை. அதுவும் புத்தகப் பிரச்சினை இல்லை, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே யாருக்காவது நிஜமாக வலிக்கிற பிரச்சினை. அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து, அளந்து, செய்து பார்த்து, தோற்று, மறுபடி செய்ய வேண்டும். இதில் டீச்சர் வைத்த சட்டம் ஒன்றுதான். முதல் மாதம் யாரும் கையால் எதையும் செய்யக் கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் மட்டும்தான் வேலை.

முதல் வெள்ளிக்கிழமை வழக்கம்போலத் தமாஷாகப் போயிற்று. ஹோம்வொர்க் எழுதும் ரோபோ வேண்டும் என்றான் ஒருவன். வகுப்பில் எப்போதும் கண் செருகியிருக்கும், 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வாங்கிய பையன், மணி அடிக்கும் முன்னால் மெதுவாகத் தட்டி எழுப்பும் பெஞ்சு ஒன்று வேண்டும் என்றான். டீச்சரும் சிரித்தார். பிறகுதான் கடைசி வரிசைச் சிறுமி எழுந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளை எல்லோரும் 'வக்கீல்' என்பார்கள். அன்றைக்கு அவள் குரலில் வாதம் இல்லை.

"டீச்சர், எங்க பை காலையில எவ்ளோ கனமோ சாயங்காலமும் அதே கனம்" என்றாள்.

"சரி, அப்புறம்?"

"பாட்டில்ல தண்ணி அப்படியே இருக்கு. கேர்ள்ஸ் யாரும் குடிக்கிறதில்ல."

"அப்புறம்?"

வக்கீல் பையன்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னாள்: "மேல் மாடி பாத்ரூம்ல மத்தியானத்துக்கு மேல தண்ணி வராது டீச்சர். அதான் குடிக்கிறதே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அதே மாடியில்தான் டீச்சரும் பாடம் நடத்துகிறார். அவருக்கான கழிப்பறை கீழே ஆசிரியர் அறையை ஒட்டி இருந்தது. இத்தனை வருஷம் கண்ணில் படாத ஒன்று, பை கனத்தை வைத்துப் பிடிபட்டுவிட்டது. அரை வருஷத்துக்கான பிரச்சினை அன்றே முடிவாயிற்று.

வாட்ச்மேன் அண்ணனைப் பிடித்தார்கள். காலையில் மோட்டார் போடுவது அவர்தான். மொட்டை மாடித் தொட்டி வழிந்து தோட்டத்தில் சொட்டும்வரை விட்டுவிட்டுத்தான் நிறுத்துகிறேன், வேண்டுமானால் ஏறிப் பாருங்கள் என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். தொட்டியிலிருந்து இரண்டு குழாய் இறங்கியது. கீழ்த்தளத்துக்குப் போவது தொட்டியின் அடியிலிருந்து புறப்பட்டது. மேல் மாடிக்குப் போவது அதற்கு ஒரு சாண் மேலே. தண்ணீர் அந்தச் சாணுக்குக் கீழே இறங்கினால் மேல் மாடி காய்ந்துவிடும், கீழே எதுவும் தெரியாது. இத்தனை நாள் ஆசிரியர் அறையில் யாருக்கும் தெரியாமல் போனதன் காரணம் அதுதான்.

பிள்ளைகள் மிதவை ஒன்று செய்தார்கள். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், வாட்ச்மேன் அறையில் மணி அடிக்கும், அவர் மோட்டார் போடுவார். கம்பி இழுத்து, பேட்டரி மாட்டி, நாலுமுறை சொதப்பி, ஐந்தாம் முறை மணி கணீரென்று அடித்தபோது வாட்ச்மேன் அண்ணனே கை தட்டினார். அடுத்த வாரம் முழுக்க மத்தியானத்துக்குப் பிறகு மேல் மாடியில் ஒரு சொட்டு இல்லை. ஏனென்று பார்த்தால், அந்நேரம் அவர் வாசல் கேட்டில் நிற்கிறார். அறையில் மணி காலி நாற்காலிக்கு முன்னால் அடித்து ஓய்ந்துபோகிறது. ஆனால் அதைப் பிள்ளைகள் அப்போது கவனிக்கவில்லை. கவனித்தது டீச்சர்தான்.

அங்கேதான் அவர் சறுக்கினார்.

ஹெச்.எம். அந்த வாரம் அவரைக் கூப்பிட்டிருந்தார். பெற்றோர் தினத்தில் காட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கணக்கு சார் அந்த இரண்டு பீரியடுக்குக் கண் வைத்திருப்பதையும், மேடையில் காட்ட ஒன்றும் இல்லையென்றால் தன்னால் எதுவும் பேச முடியாது என்பதையும் பக்குவமாகவே சொன்னார். டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். பிள்ளைகளின் முகம் தொங்கிக் கிடந்தது. தூங்குமூஞ்சிகூட முழுசாக விழித்துக்கொண்டு சோகமாக உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் டீச்சர் ஆசிரியர் அறைக்குப் போகவில்லை. மோட்டார் அறைக்குள் போய் ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் இருட்டில் மோட்டார் சத்தத்தோடு நின்றுவிட்டு, அணைத்துவிட்டு வந்தார். அன்று மேல் மாடியில் கடைசி மணிவரை தண்ணீர் வந்தது. பிள்ளைகள் குதித்த குதியில் கீழ் வகுப்பு ஆசிரியர் ஏறி வந்து திட்டிவிட்டுப் போனார். அதைப் பார்த்த பிறகு டீச்சருக்கு நிறுத்த மனசு வரவில்லை. மறுநாளும் போட்டார். அதற்கு மறுநாளும்.

ஆனால் அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதே என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதானே.

வக்கீல் ஒரு நீளமான மரச்சட்டத்துக்குச் சாக்பீஸ் பூசியிருந்தாள். சாப்பாட்டு மணிக்கு அதைத் தொட்டியில் இறக்கி, தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். சாயங்காலம் எடுத்துப் பார்ப்பாள். தண்ணீர் எதுவரை தொட்டதோ அதுவரை சாக்பீஸ் கரைந்திருக்கும். மத்தியானத்தில் தண்ணீர் குறையத்தானே வேண்டும்? கரைந்த இடம் பென்சில் கோட்டோடு நிற்க வேண்டும். அது கோட்டுக்கு மேலே ஏறி இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அந்தச் சட்டத்தோடு முன்னால் வந்து நின்றாள்.

"நடுவுல யாரோ மோட்டார் போடறாங்க டீச்சர். வாட்ச்மேன் அண்ணன் இல்லயாம். மணி சத்தமே அவருக்குக் கேக்கலயாம்."

வழக்கமாக வரும் அந்தக் கேள்வி வராததால் வகுப்பே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது.

"செவ்வாக்கிழம நீங்க மீட்டிங்குக்குப் போனீங்க. அன்னைக்கு மட்டும் தண்ணி வரல. நீங்க இருக்கற அன்னைக்குத்தான் வருது."

"டீச்சர் என்ன மேகமா?" என்றான் தூங்குமூஞ்சி. ஒன்றிரண்டு பேர் சிரித்து நிறுத்தினார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது. புரிந்ததை நம்ப அவளுக்கு இஷ்டமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நான்தான் போட்டேன்" என்றார் டீச்சர்.

"ஏன் டீச்சர்?"

"உங்க மூஞ்சிய அப்படிப் பாக்க முடியல. அதான்."

வக்கீல் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டேவிட்டாள். "சரி. அப்புறம்?"

அதில் கிண்டல் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"காட்ட ஒண்ணும் இல்லேன்னா இந்தப் பீரியட கணக்குக்குக் குடுத்துடுவாங்க. அந்தப் பயம்."

"அப்புறம்?"

ஜன்னல் வழியாகக் கீழே யாரோ பந்து தட்டும் சத்தம் வந்தது.

"வெள்ளிக்கிழம போயிட்டா எனக்கு வேற ஒண்ணும் இல்லம்மா."

வக்கீல் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மணி அடித்தது. எல்லோரும் சத்தம் போடாமல் எழுந்துபோனார்கள். அதற்கு அவர்கள் கத்திக்கொண்டே ஓடியிருந்தால் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு.

நேராக ஹெச்.எம். அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். ஹெச்.எம். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று ஆற்றாமையோடு கேட்டார். முடிவில், பெற்றோர் தின மேடையில் தண்ணீர் விஷயம் வேண்டாம், அரை வருஷம் முடிய மிச்சமிருக்கிற சில வெள்ளிக்கிழமைகளை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு கணக்கு என்றார். டீச்சர் வாதாடவில்லை.

அந்த ஞாயிறு தம்பி போன் செய்தான். வேற ஒண்ணும் இல்லையே என்றான். இல்லை என்றார். போனை வைத்த பிறகு, வழக்கமாகப் போடும் ரேடியோவைக்கூடப் போடாமல், தரையில் அந்த நாலு வட்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். இனி அந்தப் பிள்ளைகள் நம் பேச்சை எதற்கு நம்ப வேண்டும் என்பதுதான் மனசில் ஓடியது. வீடு அமைதியாக இருந்தது. ஒரு சத்தம் மட்டும். பாத்ரூமிலிருந்து மெல்லிசாக, யாரோ மூச்சு விடுவதுபோல, 'ஸ்ஸ்' என்று. அது புதுச் சத்தமில்லை. அம்மா போன நாளிலிருந்து அவர் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம். வீட்டில் தன்னைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் இருக்கிறது என்று தோன்றுவதற்காகவே அதை அப்படியே விட்டுவைத்திருந்தார்.

அன்றைக்குத்தான் எழுந்து போய்ப் பார்த்தார். ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கினார். அடியில் ரப்பர் வாஷர் தேய்ந்து, தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் கழிவுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்கியதை ஈடுகட்ட மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை. பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் இதுபோல எத்தனை தொட்டியோ என்று அவருக்குத் தட்டியது.

பதில் கையில் இருந்தது. திங்கட்கிழமை காலை போய்ச் சொன்னால் போதும், பிள்ளைகளிடம் நல்ல பெயரும் திரும்பிவிடும். ராத்திரி படுக்கும்வரை அந்த ஆசையோடு மல்லுக்கட்டினார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் இறுக்கம் இன்னும் விடவில்லை. மணியை வாசல் கேட்டுக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது, வாட்ச்மேன் அண்ணன் ரெண்டு தடவை மோட்டார் போடட்டும் என்றான் தூங்குமூஞ்சி. பாதி வகுப்பு தலையாட்டியது. வக்கீலுக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"ஒரு தொட்டி தண்ணிய யாருடா குடிக்கிறா? நாங்கதான் குடிக்கறதே இல்லயே."

வாய்வரை வந்த பதிலை டீச்சர் விழுங்கிக்கொண்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "யாருமே இல்லாதப்ப இந்த ஸ்கூல் எப்படியிருக்கும்னு யாராவது கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. முதல் மாதம் முழுக்கக் கண்ணும் காதும் வைத்துப் பார்த்தது பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கூடத்தைத்தான். அன்று கடைசி மணிக்குப் பிறகு, வீட்டில் சொல்லிவிட்டு நாலைந்து பேர் தங்கினார்கள். டீச்சர் மேல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார், கீழே இறங்கவில்லை. கட்டிடம் காலியாகி, நாற்காலிச் சத்தம் ஓய்ந்து, கடைசிக் கதவும் சாத்தியது. வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழிருந்து தூங்குமூஞ்சியின் குரல் வந்தது. அவன் அவ்வளவு விழிப்பாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"வக்கீலே, இங்க வா. சுவரு மூச்சு விடுது."

மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஃப்ளஷ் தொட்டியிலும் பேனா மையை ஊற்றி, யாரும் தொடாமல் காத்திருக்கலாம் என்பது வக்கீலின் யோசனை. கீழ்த்தளத்தில் ஆசிரியர் அறைத் தொட்டி உட்பட ஏறக்குறைய எல்லாக் கழிப்பறையிலும் நீலம் தானாக இறங்கி வந்து நின்றது. யாருக்கும் தெரியாமல் தண்ணீரைக் குடித்தது கீழ்த்தளம்தான். ஹெச்.எம். வந்து எட்டிப் பார்த்து, பிளம்பரை வரச் சொன்னார். பிளம்பர் ஒரு வாஷரை மாற்றிக் காட்டினார், மற்றதையெல்லாம் பிள்ளைகள் அவர் கண் முன்னாலேயே மாற்றினார்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமே. வக்கீல் டீச்சரின் மேசைக்குத் தனியாக வந்தாள். விரலில் மை போகாமல் இருந்தது.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. திங்கக்கிழம நீங்க லீவு போட முடியுமா?"

டீச்சருக்கு உடனே புரிந்தது. அவர் இருக்கிற நாளில் தண்ணீர் வந்தால் அது எதையும் நிரூபிக்காது. "போடறேம்மா" என்றார். "நீ கேட்டது சரி." அவள் போன பிறகுதான் கண்ணாடியைத் துடைத்தார்.

அந்தத் திங்கட்கிழமை மாதிரி நீளமான பகல் அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. குளித்தார். துணி துவைத்து இரும்புக் கம்பியில் போட்டார். பள்ளிக்கூடத்தில் இப்போது சாப்பாட்டு மணி அடித்திருக்கும், இப்போது வக்கீல் ஏணியில் ஏறுவாள், வாட்ச்மேன் அண்ணன் பிடித்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டபடி அறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். சும்மா இருக்க முடியாமல் கடைக்குப் போய் ஒரு வாஷர் வாங்கி வந்து தன் வீட்டு ஃப்ளஷ் தொட்டியிலும் மாற்றினார். பிள்ளைகள் எல்லோரும் அவரவர் வீட்டில் பார்க்க வேண்டும் என்று வக்கீல் போட்ட ஹோம்வொர்க் அது. டீச்சருக்கும் சேர்த்துத்தான்.

வாஷர் பொருந்தியதும் அந்த 'ஸ்ஸ்' நின்றது.

டீச்சர் ஈரக் கையோடு நின்றார். வீட்டில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. இத்தனை வருஷம் கூட இருந்தது ஓர் ஒழுகல்தான் என்று தெரிந்திருந்தும், மூடியைத் தூக்கி இன்னொருமுறை காது வைத்துப் பார்த்தார்.

சாயங்காலம் போன் அடித்தது. தெரியாத நம்பர். அப்பாவின் போனிலிருந்து வக்கீல்.

"டீச்சர், நீங்க இல்லாமயே தண்ணி வந்துச்சு. கடைசி மணி வரைக்கும்."

பின்னால் யாரோ கத்துவது கேட்டது. தூங்குமூஞ்சி, அந்தச் சுவர்ச் சத்தத்தை நான்தான் முதலில் கேட்டேன் என்று டீச்சரிடம் சொல்லச் சொல்கிறான். டீச்சர் சிரித்தார். 'நீங்க இல்லாமயே' என்றது, பிள்ளைகளிடமிருந்து கேட்க அவர் வெகுநாள் ஆசைப்பட்ட வாக்கியம். அதே வாக்கியம் இப்படி வந்து தைக்கும் என்று நினைத்ததில்லை. ரொம்ப நல்லா செஞ்சீங்க என்றார். கேர்ள்ஸ் தண்ணி குடிச்சாங்களா என்று கேட்டார். எல்லா பாட்டிலும் காலி டீச்சர், பை லேசா இருக்கு என்றாள் வக்கீல். அவள் அப்பா கூப்பிட, போன் வைக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை பீரியட் திரும்பக் கிடைக்கவில்லை. அரை வருஷம் முடிந்ததும் கணக்கு சார் வந்து கரும்பலகையை அழித்துக்கொண்டார். ஹெச்.எம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று டீச்சருக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. போனை வைத்த பிறகு டீச்சர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ஒழுகல் நின்றுபோன வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இதுவரை கேட்காத ஒரு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. ஏழாம் வாய்ப்பாடு. பாதியில் சிக்கி, திரும்ப முதலிலிருந்து தொடங்கி, அதே இடத்தில் மறுபடி நின்றது. எத்தனை வருஷமாக அந்தக் குழந்தை அங்கே இருக்கிறதோ.

டீச்சர் சுவர் ஓரமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"சரி" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "அப்புறம்?"